மணமுறிவுக் குடும்பத்துக் குழந்தைகளை ஆற்றுப்படுத்துவதில் பெற்றோரின் பங்கு: சேர்வராயன் மலைப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மணமுறிவுக்கு உள்ளான குடும்பங்களின் குழந்தைகளை ஆற்றுப்படுத்தும்போது பெற்றோரை எந்த அளவிற்கு, எந்த முறையில் ஈடுபடுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தையின் துயருக்குப் பிரிவு என்னும் நிகழ்ச்சியைக் காட்டிலும் பிரிவுக்குப் பின்னரும் நீளும் பெற்றோர் பூசலே பெருங்காரணம் என்பதை நெடுங்கால ஆய்வுகள் சில காட்டியுள்ளன. அம்முடிவு தமிழகக் குடும்பநல நீதிமன்ற நடைமுறையிலும், ஏற்காட்டின் விடுதிப் பள்ளிகளிலும், சேர்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினரின் ஊர்க்கூட்டங்களிலும் எங்குப் பொருந்துகிறது, எங்குப் பொருந்தாமற் போகிறது என்பது இங்கு விளக்கப்படுகிறது. குடும்ப வன்முறை உள்ள இடத்தில் பெற்றோர் இருவரையும் ஒருங்கே அமர்த்துவது தீங்காகும் என்பதும் எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மணமுறிவு, ஆற்றுப்படுத்தல், குழந்தைக் காப்புரிமை, சந்திப்புரிமை, விடுதிப் பள்ளி, ஊர்க்கூட்டம், மலையாளிப் பழங்குடியினர், ஏற்காடு

முன்னுரை

மணமுறிவு என்பது சட்டத்தின் பார்வையில் இருவருக்கு இடையிலான ஓர் உறவின் முடிவு. தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் கணவன் மனைவி என்னும் நிலை நீங்கிவிடுகிறது. தாய் தந்தை என்னும் நிலை நீங்குவதில்லை. குழந்தை இருக்கும்வரை பள்ளிக் கட்டணம், காய்ச்சல், தேர்வு, பூப்பு நன்னீராட்டு, காதணி விழா, திருமணம் என ஒவ்வொரு கட்டத்திலும் பிரிந்தவர் இருவரும் ஒருவரையொருவர் எதிர்கொண்டே தீரவேண்டியுள்ளது. இவ்வெதிர்கொள்ளல் எப்படி நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே குழந்தையின் மனநலம் அமைகிறது.

ஆயினும் நடைமுறையில் ஆற்றுப்படுத்தலுக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் குழந்தை மட்டுமே. படிப்பில் பின்தங்குகிறான், யாருடனும் பேசுவதில்லை, இரவில் படுக்கையை நனைக்கிறாள் என்னும் குறைகளுடன் பெற்றோருள் ஒருவர் குழந்தையை ஆலோசகரிடம் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறார். பழுதான பொருளைச் சீர்செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைப் போன்றது இது. குழந்தையின் குறை குழந்தைக்குள்ளேயே இருக்கிறது என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. அவ்வெண்ணம் சரியா என்பதே இக்கட்டுரையின் வினா.

‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல் குறித்து ஒரு குறிப்பு இன்றியமையாதது. ‘கவுன்சிலிங்’ என்பதற்கு ஈழத்தில் ‘உளவளத்துணை’ என்னும் சொல்லும், தமிழகத்தில் ‘மனநல ஆலோசனை’, ‘கலந்தாய்வு’ ஆகியனவும் வழங்குகின்றன. ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீண்டவன், பெறாதவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அறிவுரை கூறுவதினும் வழி காட்டுவதே இத்தொழிலின் இயல்பு என்பதால் ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல்லே இங்குக் கொள்ளப்படுகிறது.

குழந்தையை மட்டும் அமர்த்துவதன் எல்லை

மணமுறிவு குழந்தைகளை எவ்வாறு தாக்குகிறது என்பதை முதன்முதல் நெருங்கி நின்று கண்டவர்களுள் ஜூடித் வாலர்ஸ்டைன், ஜோன் கெல்லி ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 60 குடும்பங்களையும் அவற்றின் 131 குழந்தைகளையும் தொடர்ந்து சந்தித்து, 1980இல் தம் முடிவுகளை நூலாக்கினர். வயதிற்கேற்பத் துயரின் வடிவம் மாறுவதை அவர்கள் விரிவாகப் பதிவு செய்தனர். பள்ளி செல்லாச் சிறார் தாம் ஏற்கெனவே கற்ற பழக்கங்களை இழந்து மழலைப் பருவத்திற்குத் திரும்புவர். ஆறு முதல் எட்டு வயதினர் வெளிப்படையாக அழுவர். பெற்றோர் மீண்டும் சேர்வர் எனக் காத்திருப்பர். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினரிடம் சினம் மேலோங்கும். பெற்றோருள் ஒருவர் பக்கம் முழுமையாகச் சாய்வர். இவ்வாய்வு வசதி மிக்க ஒரு வட்டாரத்தின் சிறு தொகையினரை மட்டுமே கண்டது என்பதும், ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதும் பின்னர் எழுந்த நியாயமான மறுப்புகள்.

அம்மறுப்புக்கு விடையளிப்பதுபோல் 1991இல் பால் அமாட்டோ, புரூஸ் கீத் இருவரும் 92 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். 13,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தரவுகள் அவற்றில் அடங்கும். மணமுறிவுக் குடும்பத்துக் குழந்தைகள் பல அளவைகளில் பின்தங்கினர் என்பது உண்மை. ஆனால் அவ்வேறுபாடு பொதுவாகக் கருதப்படும் அளவிற்குப் பெரிதன்று. பெற்றோர் பிரியாமல் ஓயாது சண்டையிடும் இல்லங்களில் வளரும் குழந்தைகளும் அதே துன்பங்களுக்கு ஆளாயினர் என்பது அதனினும் முதன்மையானது. மேவிஸ் ஹெதரிங்டன் 2002இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அரணாகிறது. மணமுறிவுக் குடும்பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் மூவர் காலப்போக்கில் நிலைபெற்றுவிடுகின்றனர். கடுமையான சிக்கல்கள் தொடர்வது 20 முதல் 25 விழுக்காட்டினரிடம். பிரியாத குடும்பங்களில் இத்தொகை ஏறத்தாழ 10 விழுக்காடு.

அப்படியாயின் அந்த நான்கில் ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துவது எது? பிரிவு எல்லோர்க்கும் பொது. உடன் வாழும் பெற்றோரின் அரவணைப்பும் ஒழுங்கும், பிரிந்த இருவர்க்கிடையிலான பூசலின் அளவும்தான் வேறுபடுகின்றன. இவ்விரண்டும் குழந்தையின் கையில் இல்லை.

இதைச் சோதனை முறையில் காட்டியது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘புதிய தொடக்கங்கள்’ திட்டம். ஷார்லீன் வோல்சிக், இர்வின் சாண்ட்லர் முதலியோர் 9 முதல் 12 வயதுக் குழந்தைகளைக் கொண்ட 240 மணமுறிவுக் குடும்பங்களை மூன்று பிரிவாக்கினர். முதற்பிரிவில் தாய்மார்க்கு மட்டும் குழுப்பயிற்சி. இரண்டாவதில் தாய்க்கும் குழந்தைக்கும் தனித்தனிப் பயிற்சி. மூன்றாம் பிரிவினர்க்கு நூல்கள் மட்டும் அளிக்கப்பட்டன. 2000இல் வெளியான முடிவின்படி, தாய்மார்க்கு அளித்த பயிற்சி குழந்தைகளின் நடத்தையில் தெளிவான மாற்றத்தைத் தந்தது. அதனுடன் குழந்தைக்கும் பயிற்சி சேர்த்தபோது குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் விளையவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே குழந்தைகளைப் பதின்பருவத்தில் மீண்டும் கண்டு 2002இல் வெளியிட்ட ஆய்வில், தாயும் குழந்தையும் பயிற்சி பெற்ற பிரிவில் உளநோய்க்கு ஆளானோர் விகிதம் நூல் மட்டும் பெற்ற பிரிவினரின் விகிதத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது.

குழந்தையிடம் பேசுவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஜோஆன் பெட்ரோ-கேரல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் 1980களில் தொடங்கிய பள்ளிக் குழுத் திட்டம், ‘இது என் தவறன்று’ என்னும் தெளிவைக் குழந்தைகளிடம் ஏற்படுத்துவதில் நற்பயன் கண்டது. ஆனால் அத்தெளிவுடன் குழந்தை திரும்பிச் செல்வது எந்த வீட்டிற்கு என்பதே கேள்வி. வாரம் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் பெற்ற அமைதி, எஞ்சிய நேரமெல்லாம் கேட்கும் வசவுகளுக்கு எவ்வளவு காலம் ஈடுகொடுக்கும்?

தூதாகும் குழந்தை

தொல்காப்பியக் கற்பியல் ஊடல் தணிக்கும் வாயில்கள் பன்னிருவரைக் கூறுகிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் எனத் தொடரும் அப்பட்டியலில் விருந்தினர்க்கும் இடமுண்டு, புதல்வனுக்கு இடமில்லை. எனினும் மருதத்திணைப் பாடல்களில், குறிப்பாக மருதக்கலியில், பரத்தையிற் பிரிந்த தலைவன் மனைக்குள் நுழையப் புதல்வனையே துணையாகக் கொள்ளும் காட்சிகள் பலவாக உள்ளன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவனைத் தலைவி வெளியே நிறுத்த இயலாது. இலக்கணம் விலக்கியதை வாழ்க்கை கையாண்டது எனலாம்.

அங்கே ஊடல் தீர்வதற்கான வாயிலாகக் குழந்தை நின்றது. மணமுறிவில் அது பகையைச் சுமக்கும் தூதாகிறது. ‘இந்த மாதப் பணம் இன்னும் வரவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்’, ‘அம்மா வீட்டிற்கு யார் யார் வருகிறார்கள்’ என்னும் இரு வகைத் தொடர்களும் இன்று கைப்பேசி வழியாகவே குழந்தையை வந்தடைகின்றன. முன்னது குழந்தையைக் கடன் கேட்பவனாக்குகிறது, பின்னது ஒற்றனாக்குகிறது. இருவரையும் நேசிக்கும் குழந்தை எதைச் சொன்னாலும் ஒருவருக்கு இரண்டகம் செய்தவனாகிறான். விளைவாக அவன் கற்றுக்கொள்வது வாய் மூடியிருத்தல், அல்லது இடத்திற்கேற்ப மாற்றிப் பேசுதல். பள்ளியில் ‘பொய் சொல்கிறான்’ எனப் புகார் எழுவது பெரும்பாலும் இதற்குப் பின்னர்தான்.

தமிழ்ச் சூழலில் இப்பூசல் இருவரோடு நிற்பதில்லை. தாய்மாமன், பாட்டி, அத்தை எனச் சுற்றம் முழுதும் இரு அணியாகிறது. காதணி விழாவில் யார் மடியில் குழந்தை அமர்வது, தாத்தாவின் இறுதிச் சடங்கிற்குப் பேரனை அனுப்புவதா என்பன பேரங்களாகின்றன. பெயரின் முன்னெழுத்தும் அப்படியே. தந்தையின் பெயரெழுத்தைத் தாங்கிய மாணவி, அத்தந்தையைப் பற்றி வீட்டில் நல்ல சொல் ஒன்றும் கேளாமலேயே, வருகைப்பதிவில் நாள்தோறும் அவ்வெழுத்தோடு அழைக்கப்படுகிறாள். இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆற்றுப்படுத்துநர் அறையில் குழந்தைகள் பேசுவது பெரும்பாலும் இத்தகையவற்றையே. ஆகவே இங்குப் ‘பெற்றோர் ஈடுபாடு’ என்பதைத் தாய் தந்தை இருவர் என்று மட்டும் வரையறுத்தால் பாதிப்பேர் விடுபட்டுவிடுவர். குழந்தையை உண்மையில் வளர்க்கும் பாட்டியை விட்டுவிட்டுத் தாயிடம் மட்டும் பேசுவதில் பயன் குறைவு.

நீதிமன்றத்தின் வழி

குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984, வழக்காடுவதினும் இணக்கம் காண்பதை முதற்கடமையாக விதிக்கிறது. அதன் 9ஆம் பிரிவு உடன்பாட்டிற்கு முயலுமாறு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. 6ஆம் பிரிவு ஆலோசகர்களை அமர்த்தவும், 12ஆம் பிரிவு மருத்துவ, நல்வாழ்வு வல்லுநரின் துணையைப் பெறவும் வழிசெய்கிறது. சேலத்திலும் குடும்பநல நீதிமன்றம் இயங்குகிறது. இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005இல் சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் தொடங்கப்பட்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அமைப்பு இருக்கிறது, அதன் நோக்கில்தான் குறை உள்ளது. நீதிமன்ற ஆலோசனை பெரும்பாலும் ‘சேர்ந்து வாழ முடியுமா’ என்னும் வினாவோடு தொடங்கி, ‘முடியாது’ என்னும் விடையோடு முடிந்துவிடுகிறது. பிரிந்தபின் பெற்றோராக எப்படி நடப்பது என்பதைக் கற்பிக்கும் அமர்வு அதன்பின் தொடங்கவேண்டும். கோப்பு அதற்குள் மூடப்படுகிறது. இசைவு மணமுறிவுக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்குகளில் நீக்கலாம் என 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கசந்த உறவில் கட்டுண்டு கிடப்போர்க்கு அது நல்வரவே. குழந்தையின் காப்புரிமை உள்ளிட்டவை தீர்க்கப்பட்டிருக்கவேண்டும் என்னும் நிபந்தனையும் அதிலுண்டு. ஆனால் விரைவு வேண்டுவோர் காப்புரிமை குறித்து இரு வரிகள் எழுதிக் கையொப்பமிடுவதைத் தீர்வு என்று கொள்ள இயலுமா என்பது ஐயமே.

குழந்தையைப் பெற்றோரின் உடைமையாகவோ விளையாட்டுப் பொருளாகவோ கருதலாகாது என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது 1973இல், சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த வழக்கு ஒன்றில். காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம், 1890, 17ஆம் பிரிவும் குழந்தையின் நலனையே அளவுகோலாக்கி, அறிவுடன் விருப்பம் கூறும் வயதடைந்த குழந்தையின் விருப்பத்தைக் கருதலாம் என்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257ஆம் அறிக்கையில் கூட்டுக் காப்புரிமையையும், பெற்றோர் இருவரும் சேர்ந்து வகுக்கும் வளர்ப்புத் திட்டத்தையும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரைகள் இன்னும் சட்ட வடிவம் பெறவில்லை.

2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர், குழந்தையைக் காணவரும் பிரிந்த துணைவரை விருந்தினராக நடத்தவேண்டும் என ஆணையிட்டது பரவலாகப் பேசப்பட்டது. ஒரு துணைவர் மற்றவரை எப்படி நடத்துவது என்பது சந்திப்புரிமையை முடிவு செய்வதற்குத் தொடர்பற்றது என மேல்முறையீட்டில் இருவர் அமர்வு அதை விலக்கியது. சட்ட நோக்கில் அமர்வின் முடிவு சரியே. விருந்தோம்பலை ஆணையால் வரவழைக்க இயலாது. எனினும் தனி நீதிபதி எதைக் கண்டு அவ்வாறு எழுதினார் என்பது எளிதில் விளங்கும். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. வாசலில் நிற்பவரைத் தாய் எம்முகத்தோடு காண்கிறாள், வருபவர் எக்குரலில் பேசுகிறார் என்பதிலிருந்தே தந்தையை நேசிப்பது குற்றமா இல்லையா என்பதை அது அறிந்துகொள்கிறது. ஆணை செய்ய முடியாததை ஆற்றுப்படுத்தல்தான் செய்தாகவேண்டும்.

சந்திப்பு நிகழும் இடமும் சிந்தனைக்குரியது. சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தில் குழந்தைகள் மையம் ஒன்று உண்டு. ஓரிரு மணி நேரம், பிறர் முன்னிலையில், தந்தையோ தாயோ தம் பிள்ளையைக் கண்டு செல்வர். நம்பிக்கை முற்றிலும் அற்ற நிலையில் இது தேவை. ஆனால் அதுவே ஆண்டுக்கணக்கில் நீடித்தால், நீதிமன்றத்தில் மட்டுமே காணக் கிடைப்பவராகத் தந்தை சுருங்கிவிடுகிறார்.

ஆலோசகரின் மறைகாப்புப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சமரசத்தில் பேசியவை வெளிவரலாகா என்பது பொதுவிதி. குழந்தைக் காப்பு வழக்குகளில் ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் கருதலாம் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் நலனை நாடும் நீதிமன்றத்திற்கு அது தேவையாகலாம். ஆனால் குழந்தை சொல்வது அறிக்கையாகும் என்றறிந்த பெற்றோர், அமர்வுக்கு முன்னர் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தருவர். எனவே நீதிமன்றத்திற்கு அறிக்கை தருபவரும் குழந்தையை ஆற்றுப்படுத்துபவரும் ஒருவராகவே இருத்தல் தகாது. ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டையும் செய்யும் இடங்களில், எது நீதிமன்றம் செல்லும், எது செல்லாது என்பதை முதல் அமர்விலேயே பெற்றோர்க்கும் குழந்தைக்கும் அவரவர்க்குப் புரியும் மொழியில் கூறிவிடுவது நேர்மை.

ஈடுபடுத்தும் முறை: விடுதிப் பள்ளியை முன்வைத்து

ஏற்காடு விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றது. திரு இருதயப் பள்ளி 1894இலும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலும் தோன்றின. பின்னர் வந்தவை பல. ஒண்டிக்கடைச் சந்திப்பில் பேருந்திலிருந்தும் வாடகைக் காரிலிருந்தும் இறங்கும் வெளியூர்ப் பெற்றோரைக் காண்பது அங்கு வழக்கமான காட்சி. பிரிந்த குடும்பங்கள் பிள்ளையை மலைப்பள்ளியில் சேர்ப்பதற்கு ஒரு காரணம் வெளிப்படை: இருவர் வீட்டிலும் இல்லாத நடுநிலை இடம் அது. பூசல் எட்டாத தூரம் குழந்தைக்கு உண்மையிலேயே நலம் பயக்கலாம். ஆனால் ‘என்னை யாரும் வேண்டாததால் இங்கே விட்டனர்’ என்று குழந்தை அதை வாசித்துவிடும் வாய்ப்பும் உண்டு. எது நேர்கிறது என்பது, சேர்ப்பதற்கு முன் பெற்றோர் இருவரும் குழந்தையிடம் என்ன கூறினர் என்பதைச் சார்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். ஏழாம் வகுப்பு மாணவன். தாய் சேலத்தில், தந்தை ஓசூரில். பள்ளிப் பதிவேட்டில் தாயின் எண் மட்டுமே உள்ளது. ஒரு ஞாயிறன்று தந்தை முன்னறிவிப்பின்றி வருகிறார், விடுதிக் காப்பாளர் தாயைக் கேட்காமல் அனுப்ப மறுக்கிறார், வாயிலில் வாக்குவாதம், மாணவன் மாடிச் சன்னலிலிருந்து பார்க்கிறான். மறுவாரம் அவன் உணவைத் தவிர்க்கிறான். பள்ளி ஆலோசகர் அவனை அழைத்துப் பேசுகிறார். என்ன கேட்டாலும் ‘ஒன்றுமில்லை’ என்பதே விடை.

இங்கு ஆலோசகரின் முதல் வேலை மாணவனை மேலும் துருவுவதன்று. பெற்றோர் இருவரையும் தனித்தனியே, தொலைபேசியிலேனும், தொடர்பு கொள்வதே. தொடக்கத்திலேயே இருவரையும் ஓரறையில் அமர்த்துவது பெரும்பாலும் பழைய வழக்கின் மறு விசாரணையாக முடியும். தனித்தனி உரையாடலில் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டியது மற்றவரின் குறைகளை அன்று; ‘உங்கள் மகன் இப்போது எதை அஞ்சுகிறான் என நினைக்கிறீர்கள்’ என்பதையே. சினத்தில் இருக்கும் பெற்றோர் பலர் இவ்வினாவில் தயங்குவர். அத்தயக்கம் நல்ல அறிகுறி. பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்துக் குழந்தையைத் தனியே காணுதல். ‘நீ யாருடன் இருக்க விரும்புகிறாய்’ என்பது அவ்வமர்வில் தவிர்க்க வேண்டிய வினா. அம்முடிவு அவன் தோளில் ஏற்றப்படலாகாது. வார இறுதி எப்படிக் கழிகிறது, எப்போது வயிற்றைப் புரட்டுகிறது, எதை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்னும் வழிகளே போதியவை. அமர்வின் முடிவில், கேட்டவற்றுள் எதைப் பெற்றோரிடம் சொல்லலாம் என்று அவனிடமே இசைவு பெறவேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் மெக்கின்டாஷ் வளர்த்தெடுத்த, குழந்தையை உள்ளடக்கிய சமரச முறையின் உயிர்நாடி இதுவே: குழந்தை பேச்சுமேசைக்கு வருவதில்லை, அதன் சொல் தேர்ந்த ஒருவர் வாயிலாகப் பெற்றோரை அடைகிறது. தம் சண்டையைப் பற்றி நீதிபதி கூறுவதைக் கேட்டுப் பழகியவர்கள், ‘சன்னலில் நின்று பார்த்தேன், இருவரில் ஒருவராவது போய்விடக்கூடாதா என நினைத்தேன்’ என்பதை முதன்முறையாகக் கேட்கும்போது அவர்களது பேச்சின் போக்கே மாறக்கூடும்.

அதன்பிறகே பெற்றோர் உடன்பாடு. அது சிறியதாகவும் செய்யத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். எந்த ஞாயிறு யாருக்கு. வர இயலாவிட்டால் எத்தனை நாள் முன்னர், யாரிடம் தெரிவிப்பது. மதிப்பெண் பட்டியலும் உடல்நலச் செய்தியும் இருவர்க்கும் ஒரே நேரத்தில் பள்ளியிலிருந்தே செல்வது. பணம் பற்றிய பேச்சு மகன் வழியாகச் செல்லாமை. விடுமுறையைப் பிரித்துக்கொள்ளும் முறை. பொங்கலுக்கு ஒரு வீடு, தீபாவளிக்கு மற்றொன்று என ஆண்டுதோறும் மாற்றிக்கொள்வது எளிய வழி. இவையனைத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டுப் பள்ளிக்கு ஒரு படி அளித்தால், விடுதிக் காப்பாளர் வாயிலில் நீதிபதியாக வேண்டிய நிலை நீங்கும். நீதிமன்ற ஆணை ஏற்கெனவே இருப்பின் இவ்வுடன்பாடு அதற்கு உட்பட்டே அமையவேண்டும். ஆணையின் நகலைப் பள்ளி கேட்டுப் பெறுவதில் தவறில்லை.

இதற்கு மிகுந்த காலம் தேவை என்னும் அச்சம் இயல்பானது. ராபர்ட் எமரி வர்ஜீனியாவில் நடத்திய ஆய்வு அதற்கு ஓரளவு விடை தருகிறது. காப்புரிமைப் பிணக்குடைய குடும்பங்களைக் குலுக்கல் முறையில் சமரசத்திற்கும் வழக்கிற்கும் பிரித்து அவர் தொடர்ந்து நோக்கினார். சமரசம் சராசரியாக ஐந்தாறு மணி நேரமே நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும், சமரசம் வழிச் சென்ற குடும்பங்களில் உடன் வாழாத பெற்றோர் பிள்ளைகளை அடிக்கடி சந்திப்பவராகவும் அவர்தம் வாழ்வில் பங்கு கொள்பவராகவும் இருந்தனர்.

ஈடுபடுத்தலாகாத இடம்

பெற்றோர் இருவரையும் ஈடுபடுத்துதல் நன்று என்னும் பொதுவிதிக்கு வன்முறை முதல் விலக்கு. அடித்தவரையும் அடிபட்டவரையும் சமமான இரு தரப்பினராக ஓரறையில் அமர்த்துவது நடுநிலை ஆகாது. அடிபட்டவர் அங்கே உண்மையைப் பேசமாட்டார். பேசினால் அதற்கான விலையை வீட்டிற்குத் திரும்பும் வழியிலேயே செலுத்த நேரலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, ஆலோசனையைத் தனியாகவோ சேர்ந்தோ அளிக்க 14ஆம் பிரிவில் இடம் தருகிறது. 21ஆம் பிரிவோ தற்காலிகக் காப்புரிமையை வழங்கவும், குழந்தைக்குத் தீங்கு நேரும் எனக் கருதினால் சந்திப்பை மறுக்கவும் நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. குழந்தை நேரடியாக அடிவாங்காவிடினும், தாய் அடிவாங்குவதைக் கண்டு வளர்வதும் தீங்கே.

இதன் மறுபக்கமும் உண்டு. காப்புரிமைப் போட்டியில் குற்றச்சாட்டுகள் கருவிகளாவதும் நடப்பதே. 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பெற்றோருள் ஒருவர் மற்றவர்மீது குழந்தைக்குப் பகைமை ஊட்டும் போக்கைச் சுட்டிப் பேசியது. ஆனால் குழந்தை தந்தையைக் காண மறுப்பதெல்லாம் தாய் ஊட்டிய பகைமை என முடிவு கட்டுவது ஆபத்தானது. அச்சத்தால் மறுக்கும் குழந்தையும் உண்டு. ஊட்டப்பட்ட வெறுப்பால் மறுக்கும் குழந்தையும் உண்டு. அச்சமுற்ற குழந்தை பெரும்பாலும் நிகழ்ச்சிகளைக் கூறும். கற்பிக்கப்பட்ட குழந்தை பெரும்பாலும் தீர்ப்புகளைக் கூறும். இது வழிகாட்டும் குறிப்பேயன்றி உறுதியான சோதனை அன்று; ஓர் அமர்வில் இதைத் தீர்மானிக்க எவராலும் இயலாது. ஐயம் உள்ளவரை குழந்தையின் பாதுகாப்பின் பக்கம் நிற்பதும், விலக்கப்பட்ட பெற்றோரிடம் அதன் காரணத்தை மதிப்புடன் எடுத்துரைப்பதும் வேண்டும். 1098 என்னும் சிறார் உதவி எண்ணையும் 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் பள்ளி ஆலோசகர் அறிந்திருத்தல் அடிப்படைத் தேவை.

சட்டம் நேரே எட்டாத மலையூர்கள்

விடுதிப் பள்ளிகளின் மதிலுக்கு வெளியே நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை, வாழவந்தி முதலிய ஊர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரொற்றுமையால் கேரளத்தவரோடு இவர்களை மயங்கலாகாது. தமிழகப் பட்டியல் பழங்குடியினருள் தொகையால் முதலிடம் பெறுபவர் இவர்கள். இந்து திருமணச் சட்டம், 1955, தன் 2(2)ஆம் பிரிவின்படி, நடுவண் அரசு அறிவிக்கை செய்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினர்க்குப் பொருந்தாது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, 3(2)ஆம் பிரிவும் அவ்வாறே. இங்கு மணமும் மணவிலக்கும் வழக்காற்றின் வழிப்பட்டவை. ஊர்க்கவுண்டர் முன்னிலையில் இரு தரப்புச் சுற்றமும் கூடிப் பேசி முடிப்பது மரபு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மணவிலக்குப் பெற்றோர் ஏறத்தாழ 13.6 லட்சம், பிரிந்து வாழ்வோர் ஏறத்தாழ 35 லட்சம். நீதிமன்றப் படியேறாத பிரிவே பெரும்பான்மை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. மலையூர்களுக்கு இது இன்னும் பொருந்தும். காப்பித் தோட்டத்தில் நாள்கூலி பெறுபவர் சேலம் நீதிமன்றத்திற்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகிறது. வாய்தா தள்ளினால் மறுபடியும் போகிறது. நீதிமன்ற ஆலோசகரை மட்டும் நம்பிய எந்தத் திட்டமும் இவர்தம் பிள்ளைகளை எட்டாது.

ஆயினும் பெற்றோரை ஈடுபடுத்துதல் என்னும் நோக்கில் பார்த்தால், ஊர்க்கூட்டத்தில் நீதிமன்றத்தில் இல்லாத ஒரு வலிமை உண்டு. அங்கே தாயும் தந்தையும் மட்டுமல்லாமல், பாட்டியும் மாமனும் பங்காளிகளும் அமர்கின்றனர். மேலே கூறிய, விடுபட்டுப்போகும் பாதிப்பேர் அங்கே இருக்கின்றனர். சொன்ன சொல்லை மீறினால் கேட்பாரும் உண்டு. குறை என்னவெனில், பேச்சு பரியத்தையும் செலவுக் கணக்கையும் பழியையும் சுற்றியே சுழல்கிறது. குழந்தை யாரிடம் என்பது முடிவாகிறது, குழந்தை எப்படி இருக்கிறது என்பது கேட்கப்படுவதில்லை. வன்முறைக்கு ஆளான பெண் அக்கூட்டத்தில் தன் பக்கம் பேச ஆளின்றி நிற்கவும் கூடும். வழக்காற்று முடிவில் நிறைவு இல்லையெனில், காப்புரிமைக்காக 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடும் வழி அவளுக்குத் திறந்தே உள்ளது. அதை எடுத்துச் சொல்ல வட்டச் சட்டப்பணிகள் குழுவின் தன்னார்வலர் ஊர்க்கூட்டத்திற்கு முன்னரே அவளைச் சந்திப்பது பயன்தரும்.

குழந்தையின் நிலையை அக்கூட்டத்திற்கு எடுத்துச் செல்லத்தக்கவர் யார்? அவ்வூரிலேயே அன்றாடம் குழந்தையைக் காண்போர் இருவர்: அங்கன்வாடிப் பணியாளரும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியரும். தாய் வேறூர் சென்றபின் ஒரு சிறுமி மதிய உணவின்போது தட்டைத் தொடுவதில்லை என்பதை முதலில் அறிபவர் அவர்களே. ஆலோசகர் பட்டம் அவர்களுக்குத் தேவையில்லை. குழந்தையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது, வன்முறையின் அறிகுறிகள் எவை, எப்போது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்குத் தெரிவிப்பது என்பனவற்றில் சில நாள் பயிற்சி போதும். ஊர்க்கவுண்டர்களுக்கும் அதே பயிற்சியின் ஒரு பகுதி அளிக்கப்படலாம். கூட்டம் கூடும் நாளில் குழந்தையை நடுவில் நிறுத்தி ‘யாரிடம் போகிறாய்’ எனக் கேட்காதிருத்தல், முன்னரே ஆசிரியர் வழி அதன் நிலையைக் கேட்டறிதல், பிரிந்து செல்லும் தாயோ தந்தையோ எந்த நாளில் குழந்தையைக் காண வரலாம் என்பதையும் முடிவில் சேர்த்துச் சொல்லுதல் ஆகிய மூன்றும் வழக்காற்றிற்கு முரணானவை அல்ல. இவற்றுள் மூன்றாவதே கடினமானது. பிரிந்தவர் மறுமணம் செய்துகொண்டபின் பழைய வீட்டு வாசலை மிதிப்பதைச் சுற்றம் விரும்புவதில்லை. அந்நிலையில் சந்திப்பு பள்ளியில் நிகழலாம். சந்தை நாளில் பாட்டி குழந்தையை அழைத்துச் செல்லும் இடத்தில் நிகழலாம். எங்கே என்பதை ஊரே முடிவு செய்யட்டும். எந்த நாள் என்பதைக் குழந்தைக்கு முன்னரே சொல்லிவிடவேண்டும்.